ஜாமீன், அபராதம், தண்டனை: அமெரிக்காவின் எட்டாவது திருத்தம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

அமெரிக்க வழக்குகளைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் மூன்று வரிகள் தவறாமல் காதில் விழும். "பத்து லட்சம் டாலர் கட்டிட்டு வெளியே வந்துட்டான், பணம் இருந்தா தண்டனையே கிடையாது" என்பார் ஒருவர். "அங்கெல்லாம் ஜாமீன் ஒவ்வொருத்தனுக்கும் உரிமை" என்பார் இன்னொருவர். "கொடிய தண்டனை கூடாதுன்னு சட்டத்திலேயே எழுதிவச்சிருக்காங்க, அப்புறம் எப்படி மின்சார நாற்காலி?" என்று மூன்றாமவர் கேட்பார்.

முதல் வரி ஜாமீனையும் அபராதத்தையும் குழப்புகிறது. இரண்டாவது தவறு. மூன்றாவது நல்ல கேள்வி, ஆனால் அதற்கான பதில் பலருக்குத் தெரிவதில்லை. மூன்றுமே அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஒரே ஒரு வாக்கியத்தைச் சுற்றி வருபவை. அந்த வாக்கியம்தான் எட்டாவது திருத்தம். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இது ஆங்கில மூலத்தில் 16 சொற்கள்தான். தமிழில் இப்படிச் சொல்லலாம்: மிகையான ஜாமீன் கேட்கக் கூடாது, மிகையான அபராதம் விதிக்கக் கூடாது, கொடியதும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனை கொடுக்கக் கூடாது.

அவ்வளவுதான். எது மிகை, எது கொடியது என்று அது சொல்லவில்லை. அதை முடிவு செய்வதில்தான் இருநூறு ஆண்டுக்கும் மேலான வழக்குகள் கழிந்திருக்கின்றன.

## ஒரு பாத்திரக் கடைக் கணக்கு

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கப் போகிறீர்கள். பெரிய அண்டா இரண்டு, குண்டான் நாலு. கடைக்காரர் கொஞ்சம் அட்வான்ஸ் கேட்பார். நீங்கள் எதையும் உடைத்துவிட்டதால் கேட்கவில்லை. பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் கைக்கு வந்துவிடும். இதுதான் ஜாமீன்.

குண்டான் ஒன்று நசுங்கிப் போகிறது. அதற்காகக் கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் தொகை திரும்பி வராது. இது அபராதம். குண்டானின் விலையைக் கேட்டால் சரி என்று கொடுத்துவிடுவீர்கள். ஒரு குண்டான் நசுங்கியதற்கு உங்கள் வண்டியையே பிடித்து வைத்துக்கொண்டால் தெருவே கூடி நியாயம் கேட்கும். அட்வான்ஸிலும் அப்படித்தான்: மொத்தப் பாத்திரமும் பத்தாயிரம் பெறும், அட்வான்ஸ் இரண்டு லட்சம் என்றால், அவருக்குப் பாத்திரம் கொடுக்கவே மனசில்லை என்று புரிந்துகொள்வோம். நசுங்கிய குண்டானுக்காக உங்களைக் கடையில் கட்டிவைத்து அடித்தால், அங்கே தொகையைப் பற்றிய பேச்சே போய்விடுகிறது. மனிதரை நடத்தும் முறையே தவறு.

பாத்திரக் கடை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். அரசு என்ற கடைக்கு அடுத்த கடை கிடையாது. போலீஸ், நீதிமன்றம், சிறை எல்லாம் அதன் கையில். அதனால்தான் அதன் அளவுக்கு எல்லை வகுக்கச் சாசனமே தேவைப்பட்டது.

## 1685, லண்டன்

இந்தச் சொற்கள் அமெரிக்கர்கள் யோசித்து எழுதியவை அல்ல. இங்கிலாந்தின் 1689 உரிமைகள் சாசனத்திலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுத்தவை. வர்ஜீனியா மாநிலம் 1776-இலேயே தன் உரிமைப் பிரகடனத்தில் இவற்றைச் சேர்த்துவிட்டது. அங்கிருந்து நாட்டின் சாசனத்துக்கு வந்தன.

இங்கிலாந்தில் இதற்கு என்ன தேவை வந்தது? ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்தில் அரசரை எதிர்த்தவர்களை அடக்க நீதிபதிகளே கருவியானார்கள். காரணமில்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது என்று 1679-இல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தாக வேண்டும். சரி, கொடுத்தார்கள், யாராலும் கட்ட முடியாத தொகைக்கு. சட்டத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது, ஆள் உள்ளேயே கிடந்தார். அபராதத்திலும் இதே வழிதான். கட்ட முடியாத தொகையை விதித்துவிட்டு, கட்டும்வரை சிறை என்றார்கள்.

தண்டனைக்கு வந்தால் டைட்டஸ் ஓட்ஸ் என்ற பெயரைச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர் அல்ல. மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாக 1678-இல் இவர் கட்டிய பொய்க் கதையை நம்பி நிரபராதிகள் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். 1685-இல் பொய்சாட்சிக் குற்றத்துக்காக இவரை நிறுத்தினார்கள். அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. ஆகவே நீதிபதிகள் வேறு வழி பார்த்தார்கள்: ஆயுள் சிறை, ஆண்டுதோறும் குறித்த நாட்களில் பொது இடத்தில் கழுத்தும் கையும் மரச்சட்டத்தில் மாட்டப்பட்டு நிற்பது, அதோடு ஆல்ட்கேட்டிலிருந்து நியூகேட் வரை சாட்டையடி, ஒரு நாள் விட்டு நியூகேட்டிலிருந்து டைபர்ன் வரை மறுபடி சாட்டையடி. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

ஓட்ஸுக்காக யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை. ஆனாலும் 1689-இல் இந்தத் தண்டனை பற்றி விவாதித்த பாராளுமன்றத்தினர் பலர், இதை முன்னுதாரணமாக விட்டுவைத்தால் நாளை யாருக்கும் இது நடக்கும் என்று கவலைப்பட்டார்கள். எட்டாவது திருத்தத்தின் குணம் இங்கேயே தெரிந்துவிடுகிறது. நமக்குப் பிடித்தவர்களுக்காக எழுதிய பாதுகாப்பு அல்ல இது. குற்றம் செய்தவர், கெட்டவர், ஊரே வெறுப்பவர் ஆகியோருக்கும் அரசு ஒரு எல்லையைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

## ஜாமீன்: அந்தத் தொகை எதற்கு?

ஜாமீன் என்பது, விசாரணை முடியும்வரை ஒருவரை வெளியே விடுவதற்கு அவர் திரும்பி வருவார் என்று வாங்கும் உறுதி. கைதானவர் இன்னும் குற்றவாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. பத்து லட்சம் டாலர் கட்டி வெளியே வந்தவர் தண்டனையிலிருந்து தப்பிவிடவில்லை. வழக்கு அப்படியே நடக்கும்.

எந்தத் தொகை மிகை? 1951-இல் ஸ்டாக் எதிர் பாயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. கலிஃபோர்னியாவில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த 12 பேர் கைதானார்கள். தலைக்கு 50,000 டாலர் ஜாமீன். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. குற்றம் நிரூபணமானாலும் அதிகபட்ச தண்டனை 5 ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும்தான். இவ்வளவு ஏன் என்று கேட்டால் அரசுத் தரப்பு காட்டிய ஆதாரம், இதே சட்டத்தில் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்ட வேறு நான்கு பேர் ஓடிவிட்டார்கள் என்பது. அவர்கள் ஓடினால் இவர்களும் ஓடுவார்களா? ஒருவர் விசாரணைக்குத் திரும்பி வருவதை உறுதிசெய்ய நியாயமாகத் தேவைப்படும் தொகையைத் தாண்டினால் அது மிகை என்றது நீதிமன்றம். அதையும் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஜாமீன் உரிமை உண்டா? இல்லை. திருத்தம் சொல்வது ஜாமீன் கேட்டால் மிகையாகக் கேட்காதே என்பது. ஜாமீனே மறுக்கலாமா என்பதை அது பேசவில்லை. 1984-இல் வந்த மத்தியச் சட்டம், மற்றவர்களுக்கு ஆபத்தானவர் என்று நீதிபதி கருதினால் ஒருவரை ஜாமீன் இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்றது. நியூயார்க் மாஃபியாவின் பெரிய தலைகளில் ஒருவரான ஆந்தனி சலேர்னோ இதை எதிர்த்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. சுதந்திரமே பொது விதி, விசாரணைக்கு முன் அடைப்பது கவனமாக வரையறுத்த விதிவிலக்கு என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. விதிவிலக்கு எவ்வளவு அகலமாகலாம் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.

## கட்ட முடியாதவர் என்ன செய்வார்?

எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். "மிகை" என்றால் "இவரால் கட்ட முடியாதது" என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். நீதிமன்றங்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கட்ட முடியவில்லை என்பதாலேயே ஒரு தொகை சாசனப்படி மிகை ஆகிவிடாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஜாமீன் 10,000 டாலர். கையில் அவ்வளவு இல்லாதவர் ஜாமீன் முகவரிடம் போவார். அவர் ஒரு தனியார் வியாபாரி. முழுத் தொகைக்கும் தான் பொறுப்பு என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பொதுவாகப் பத்து சதவீதம் கட்டணமாக வாங்கிக்கொள்வார். அந்த 1,000 டாலர் திரும்பி வராது. வழக்கிலிருந்து விடுதலையானாலும் வராது. பணக்காரர் 10,000 கட்டி 10,000-ஐயும் திரும்ப வாங்கிக்கொள்கிறார், ஏழை 1,000 கட்டி அதை இழக்கிறார். அந்த ஆயிரமும் இல்லாதவர் உள்ளே இருக்கிறார்.

நியூயார்க்கில் 2010-இல் 16 வயதுப் பையன் ஒருவன் ஒரு முதுகுப் பையைத் திருடியதாகக் கைதானான். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் திரட்ட முடியவில்லை. பிறகு ஜாமீனே மறுக்கப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தான், அதில் பெரும்பகுதி தனிமையில். 2013-இல் வழக்கு விசாரணைக்கே வராமல் தள்ளுபடியானது. இரண்டு ஆண்டு கழித்து அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 3,000 டாலர் என்பதைக் கேட்டு எந்த நீதிபதியும் மிகை என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே பண ஜாமீனை எதிர்ப்பவர்கள் இப்போதெல்லாம் எட்டாவது திருத்தத்தை அதிகம் நம்புவதில்லை. ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் மாவட்டத்தில் சின்னக் குற்றங்களுக்கான ஜாமீன் முறையை எதிர்த்த வழக்கில், 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தவறு கண்டது பதினான்காவது திருத்தத்தின் கீழ். முறையான நடைமுறை, சமமான பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவது அந்தத் திருத்தம். இலினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முழுவதுமாக எடுத்துவிட்டது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். நியூ ஜெர்சி 2017-இலேயே அநேகமாகக் கைவிட்டுவிட்டது. இரண்டும் சட்டமன்றத்தின் வழியே வந்த மாற்றங்கள்.

இதுவரை பார்த்தது: ஜாமீன் ஒரு உறுதித்தொகை. அது மிகையா என்பதை அளப்பது, திரும்பி வருவதற்கு எவ்வளவு தேவை என்ற கணக்கால். ஆபத்தானவர் என்றால் ஜாமீனே மறுக்கலாம். ஏழ்மை என்பது இந்தக் கணக்கில் ஓரமாகத்தான் நிற்கிறது.

## அபராதம்: 207 ஆண்டு காத்திருந்த வரி

அபராதம் என்பது குற்றத்துக்குத் தண்டனையாக அரசு வாங்கும் பணம். இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான வழக்கில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் நஷ்டஈடு எவ்வளவு பெரிதானாலும் இதில் சேராது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது.

ஆனால் பணத்தை மட்டும்தான் அரசு எடுக்கிறதா? வீடு, கார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுக்கிறது. குற்றத்தோடு தொடர்புடைய சொத்தை அரசு எடுத்துக்கொள்வதற்குப் பறிமுதல் என்று பெயர். அது தண்டனையாக இருக்கும்பட்சத்தில் அதற்கும் இந்த எல்லை உண்டு என்று 1993-இல் தீர்ப்பானது.

மிகையான அபராதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் முதன்முதலில் ஒன்றைத் தடுத்தது 1998-இல். திருத்தம் வந்து 207 ஆண்டு கழித்து. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பஜகஜியன் என்பவர் குடும்பத்தோடு சைப்ரஸுக்குப் புறப்பட்டார். பெட்டிகளிலும் கையிலுமாக 3,57,144 டாலர் ரொக்கம். கொண்டுபோவது குற்றம் இல்லை. 10,000-க்கு மேல் என்றால் சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை. பணம் நேர்மையாகச் சம்பாதித்தது, ஒரு கடனைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனது என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. அவர் செய்த தவறு ஒரு படிவத்தை நிரப்பாதது. அதற்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 5,000 டாலர். அரசோ மொத்தப் பணத்தையும் கேட்டது.

கூடாது என்றது நீதிமன்றம். ஐந்துக்கு நான்கு, ஒரு ஓட்டு மாறியிருந்தால் கதை வேறு. அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் விகிதப் பொருத்தம், அதாவது குற்றத்தின் கனத்துக்கும் பறிக்கும் தொகைக்கும் இடையே ஒரு பொருத்தம் இருப்பது. கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் பரவாயில்லை. படுமோசமாகப் பொருந்தாமல் போனால்தான் சாசன மீறல்.

இங்கேயும் கட்டுபவரின் வசதியைப் பார்க்கலாமா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. ஏனென்றால் இந்தச் சிந்தனையின் வேர் 1215-இல் இங்கிலாந்தில் வந்த உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் இருக்கிறது. அங்கே தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: அபராதம் குற்றத்தின் அளவுக்கு இருக்க வேண்டும், அப்போதும் ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது. வியாபாரிக்கு அவர் சரக்கையும், குடியானவனுக்கு அவன் விவசாயத்துக்கு வேண்டியதையும் விட்டுவிட வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முன்பு பிழைப்பைப் பற்றி யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

## ஒரு காரும் ஐம்பது மாநிலங்களும்

ஆரம்பத்தில் எட்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகளை நடத்துவது மாநிலங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல் பதினான்காவது திருத்தம் வந்தது. அதன் வழியாக உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் பொருத்தினார்கள். கொடிய தண்டனைப் பகுதி 1962-இல் வந்து சேர்ந்தது. ஜாமீன் பகுதியும் பொருந்தும் என்றே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. அபராதப் பகுதிக்கு 2019 ஆனது.

அதற்குக் காரணமானது இண்டியானா மாநிலத்தில் ஒரு லேண்ட் ரோவர் கார். டிம்ஸ் என்பவர் அப்பா இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணத்தில் 42,000 டாலருக்கு வாங்கியது. போதைப் பழக்கத்தில் இருந்த அவர், மாறுவேடத்தில் வந்த போலீசாரிடம் சில நூறு டாலருக்கு ஹெராயின் விற்றுப் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். அரசு காரையும் எடுக்கப் பார்த்தது. விசாரணை நீதிமன்றம், அது அதிகபட்ச அபராதத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல், காரை எடுக்க அரசை அனுமதிக்க முடியாது என்றது. மாநில உச்ச நீதிமன்றம், இந்தப் பகுதி எங்களைக் கட்டுப்படுத்தவே செய்யாது என்றது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாஷிங்டனில் வாதம் நடந்தபோது நீதிபதி ப்ரையர் மாநில வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். வேக வரம்பை ஐந்து மைல் தாண்டியதற்காக ஒருவரின் விலையுயர்ந்த புகாட்டி காரை அரசு பறிக்கலாமா? பறிக்கலாம் என்றே பதில் வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், தீர்ப்பை நீதிபதி கின்ஸ்பர்க் எழுதினார்: மாநிலங்களும் கட்டுப்பட்டவையே. நகராட்சிகளும் காவல் துறைகளும் அபராதத்தையும் பறிமுதலையும் வருமானமாகப் பார்க்கும் நாட்டில் இது சாதாரணத் தீர்ப்பு அல்ல. தண்டிப்பவருக்கே அந்தப் பணம் போகும்போது அளவு தவறும் என்பதை ஸ்டூவர்ட் மன்னர்களை உதாரணம் காட்டியே கின்ஸ்பர்க் எழுதியிருக்கிறார். கார் 2020-இல் டிம்ஸ் கைக்குத் திரும்பியது.

சுருக்கமாக: அபராதத்தை அளப்பது குற்றத்தின் கனம். பறிமுதலும் கணக்கில் வரும். 2019 முதல் மாநிலங்களும் மத்திய அரசும் ஒரே எல்லைக்குள்.

## கொடிய தண்டனை: அளவுகோல் நகரும்

1791-இல் சாட்டையடி சாதாரணம். அப்படியானால் அது இன்றும் செல்லுமா? 1791-இன் கண்ணால் பார்ப்பதா, இன்றைய கண்ணால் பார்ப்பதா என்பதுதான் இந்தப் பகுதியின் அடிப்படைச் சண்டை.

முதல் பெரிய வழக்கு வந்தது பிலிப்பைன்ஸிலிருந்து. அப்போது அது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. வீம்ஸ் என்ற கடலோரக் காவல் அலுவலக அதிகாரி, கலங்கரை விளக்க ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததாக 208 பெசோவும் 408 பெசோவும் கணக்கில் பொய்யாக எழுதினார். கிடைத்தது 15 ஆண்டு. வெறும் சிறை அல்ல. மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை சங்கிலி, அதோடு கடும் உடலுழைப்பு, வெளியே வந்தபின் ஆயுள்வரை கண்காணிப்பு. 1910-இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. பழைய சித்திரவதைகளை மட்டும் தடுப்பதோடு இந்த வரி நின்றுவிடாது, மக்களின் மனச்சாட்சி வளர வளர இதன் பொருளும் வளரும் என்றது.

1958-இல் இன்னொரு படி. இரண்டாம் உலகப் போரில் மொராக்கோவில் இருந்த ஒரு சிப்பாய் முகாமிலிருந்து நழுவி, ஒரு நாள்கூட ஆவதற்குள் பிடிபட்டார். பின்னர் அவருடைய குடியுரிமையே போனது. ஒரு காயம்கூட இல்லாத தண்டனை. ஆனாலும் நாடற்றவராக்குவது கொடியது என்று நீதிமன்றம் கருதியது. முதிர்ந்துவரும் சமூகத்தின் வளர்ச்சியைக் காட்டும் பண்பாட்டுத் தரங்களை வைத்து இந்தத் திருத்தத்தைப் படிக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் வரி இன்றும் மேற்கோளாகிறது. இதை ஏற்காத நீதிபதிகளும் உண்டு. நீதிபதிகள் தங்கள் சொந்த விருப்பத்தைச் சமூகத்தின் தரம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கோ சாட்டையடியை அனுமதிக்கும் 1791-இன் கண்ணைவிட இந்த அபாயம் சின்னதாகவே படுகிறது.

1962-இல், போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கி 90 நாள் சிறை கொடுத்த கலிஃபோர்னியா சட்டம் விழுந்தது. போதைப்பொருள் வைத்திருந்தால், விற்றால் தண்டிக்கலாம். ஒரு நோய்நிலையில் இருப்பதற்காகத் தண்டிக்க முடியாது. ஜலதோஷம் பிடித்திருப்பதற்கு ஒரே ஒரு நாள் சிறை கொடுத்தாலும் அது கொடியதுதான் என்றது தீர்ப்பு.

## அப்புறம் எப்படி மரண தண்டனை?

சாசனமே அதை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. எட்டாவது திருத்தத்தோடு ஒரே நாளில் நடைமுறைக்கு வந்த ஐந்தாவது திருத்தம், மரண தண்டனைக்குரிய குற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. முறையான நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது. முறையாக நடந்தால் பறிக்கலாம் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஆனாலும் 1972-இல் ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்போதைய முறையில் அந்தத் தண்டனையை நிறுத்தியது. ஒன்பது நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள். ஒரே மாதிரிக் குற்றம் செய்தவர்களில் யாரோ சிலருக்கு மட்டும் மரணம், அதுவும் மின்னல் யார்மேல் விழும் என்பதுபோல எந்த முறையும் இல்லாமல் விழுகிறது என்றார் நீதிபதி ஸ்டூவர்ட். 600-க்கும் மேற்பட்டவர்கள் தூக்குமேடையிலிருந்து தப்பினார்கள். மாநிலங்கள் விதிகளைத் திருத்தின, 1976-இல் அவற்றில் சில செல்லும் என்று தீர்ப்பானது.

அதன்பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கிவந்திருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடாது (2002). குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்குக் கூடாது (2005). தனிநபருக்கு எதிரான குற்றத்தில் உயிரிழப்பு இல்லையென்றால் கூடாது (2008). கொல்லும் முறை ஒன்றைக்கூட உச்ச நீதிமன்றம் இதுவரை தடுத்ததில்லை. துப்பாக்கிப் படை, மின்சார நாற்காலி, விஷ ஊசி எல்லாம் தேறிவிட்டன. 2024 ஜனவரியில் அலபாமா நைட்ரஜன் வாயுவால் ஒருவரைக் கொன்றது.

## கோல்ஃப் மட்டையும் பஞ்சு மூட்டையும்

நீண்ட சிறைவாசம் கொடிய தண்டனை ஆகுமா? அபராதத்தில் பார்த்த விகிதப் பொருத்தம் இங்கேயும் உண்டு, ஆனால் பெயருக்குத்தான். கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்த ஒருவர் தலைக்கு 399 டாலர் மதிப்புள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடினார். மூன்றாவது முறை தவறினால் கடும் தண்டனை என்ற சட்டப்படி 25 ஆண்டு முதல் ஆயுள்வரை. 2003-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் அதை ஏற்றுக்கொண்டது. பஜகஜியனின் பணத்தைக் காப்பாற்றிய திருத்தம் இந்த மனிதரின் ஆயுளைக் காப்பாற்றவில்லை. பணத்தைவிட ஆயுளுக்கு அளவு பார்ப்பதில் நீதிமன்றம் தயங்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன். கலிஃபோர்னிய மக்கள் 2012-இல் வாக்களித்து அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

சிறைக்குள் நடப்பதும் தண்டனையின் பகுதிதான். டெக்சஸ் சிறையில் லாரியிலிருந்து இறக்கும்போது பஞ்சு மூட்டை மேலே விழுந்து அடிபட்ட கைதி ஒருவர், சரியான சிகிச்சை தரவில்லை என்று வழக்குப் போட்டார். 1976-இல் வந்த தீர்ப்பின்படி, கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது கொடிய தண்டனை. அடைத்து வைக்கப்பட்டவர் தானாக மருத்துவரிடம் போக முடியாது. அடைத்தவர்தான் பார்க்க வேண்டும். அவரை மருத்துவர்கள் பலமுறை பார்த்திருந்ததால் அந்தக் கைதி தன் வழக்கில் தோற்றார். அவர் பெயரில் வந்த விதியை வைத்துத்தான் பின்னால் வந்த எத்தனையோ கைதிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011-இல் கலிஃபோர்னிய சிறைகளில் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குக் கைதிகள் இருந்தபோது, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த வழியில்தான்.

இந்தப் பகுதி தொடாத இடங்களும் உண்டு. பள்ளியில் ஆசிரியர் அடிப்பது இதில் வராது என்று 1977-இல் சொல்லிவிட்டார்கள். விசாரணைக் கைதி இன்னும் தண்டிக்கப்படாதவர் என்பதால் அவருக்குப் பாதுகாப்பு வேறு திருத்தங்களிலிருந்து வருகிறது. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், வீடில்லாதவர்கள் பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் அபராதம், மீண்டும் மீண்டும் செய்தால் சிறை என்றது. படுக்க இடமில்லாத நிலைக்கே தண்டனையா என்று 1962-இன் தீர்ப்பைக் காட்டி வாதிட்டார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றில் ஏற்கவில்லை. தண்டனை ஒரு செயலுக்கு, நிலைக்கு அல்ல என்றது. தூங்குவதை ஒரு மனிதர் எப்படித் தவிர்ப்பார் என்ற கேள்வி, எதிர்த்து எழுதிய மூன்று நீதிபதிகளின் தரப்பில் நிற்கிறது.

## இந்தியாவில் இந்த வரி இல்லை

இந்திய அரசியல் சாசனத்தில் எட்டாவது திருத்தம் போன்ற வரி கிடையாது. இலங்கையில் உண்டு, இன்னும் கடுமையாக: சாசனத்தின் 11-வது பிரிவு, சித்திரவதைக்கோ கொடிய, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்துதலுக்கோ தண்டனைக்கோ யாரையும் உட்படுத்தக் கூடாது என்கிறது. விதிவிலக்கு எதுவும் அதில் இல்லை. எழுதி வைத்தது ஒருபுறம், நடப்பது ஒருபுறம் என்பது அங்குள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தியாவில் அந்த வேலையை 21-வது பிரிவு செய்கிறது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியைத் தனிமையில் அடைத்ததும், இன்னொரு கைதிக்குக் கால்விலங்கு பூட்டியதும் 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. நம் சாசனத்தில் எட்டாவது திருத்தம் இல்லைதான், ஆனாலும் அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று சொன்ன மேனகா காந்தி வழக்குக்குப் பிறகு விளைவு ஒன்றே என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அமெரிக்காவின் அந்த வரியைப் பெயர் சொல்லியே எழுதினார்.

அதே ஆண்டு அவர் முன் மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் நீதித்துறை நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். சகோதரர் ஜாமீன்தாராக வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாருக்கு எங்கே போவார் என்று கிருஷ்ணய்யர் கேட்டார். அமெரிக்க நீதிமன்றங்கள் ஓரமாக ஒதுக்கிய ஏழ்மையை அவர் தீர்ப்பின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். மோதிராமை 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொல்லி உத்தரவிட்டார்.